எல்லாம் இருக்கற பள்ளிக்கூடம்

இங்கிட்டுக் கொடுங்கம்மா, அதை மேல கம்பியில வைக்காதீங்க, கசங்கிரும். நானே மடியில வச்சுக்கறேன். உங்க மேல இடிச்சாச் சொல்லுங்க, நிமித்திப் பிடிச்சுக்கறேன். இல்ல இல்ல, காலண்டர் இல்ல. சார்ட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எழுதுனது.

டீச்சரான்னு கேட்டா டீச்சர்தான். ஆனா சாக்பீஸ் பிடிச்சுப் பதினோரு வருஷமாச்சு. ஆசிரியர் பயிற்றுநர்னு ஒரு வேலை இருக்கும்மா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, எங்க வீட்டுக்காரருக்கே இன்னும் சரியாத் தெரியாது. வட்டாரத்துல இருக்கற பள்ளிக்கூடத்தையெல்லாம் சுத்திச் சுத்திப் பாக்கணும். மேல இருந்து வர்றதைக் கீழ சொல்லணும், கீழ இருக்கறதை மேல எழுதணும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாங்கள்ல, அந்த மத்தளம் நான்தான். தனபாக்கியம்னு பேரு. தனமும் இல்ல, பாக்கியமும் இல்ல, பேரு மட்டும் பெருசா வச்சுட்டாங்க.

நீங்க ராம்நாடு வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான், பெரிய ஆபீசுக்கு, மாவட்டக் கல்வி ஆபீசுக்கு. பதினோரு மணிக்கு விசாரணை. அய்யய்யோ, என் மேல இல்லம்மா! என் மேல ஒண்ணும் கிடையாது. நான் சும்மா சாட்சி மாதிரி. விசாரணை இன்னாசி சார் மேல. கூத்தனேந்தல் ஹெட்மாஸ்டர். அதுக்கு ஆதாரம் இந்தச் சார்ட்டுத்தான். அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும்னு ஆர்டர். பாருங்க என் தலையெழுத்தை.

சொல்றேன், நேரம் இருக்கு. இந்தப் பஸ்காரன் சத்திரக்குடியில டீ குடிக்கவே பத்து நிமிஷம் நிப்பான்.

ஜூலை மாசம் ஒரு லெட்டர் வந்துச்சு. மெட்ராஸ்ல ஏதோ டிரஸ்டு. 'மாணவ நிருபர் திட்டம்'னு போட்டிருந்துச்சு. பிள்ளைகளுக்குச் செய்தி சேகரிக்கச் சொல்லிக் கொடுப்பாங்களாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேமரா, ஒரு டேப்லெட்டு. மதுரைக்குக் கூட்டிப்போய் பேப்பர் அடிக்கற மெஷினைக் காட்டுவாங்க. மாசாமாசம் பிள்ளைக எழுதுறதை அச்சுப் போட்டு, பேரு போட்டு, போட்டோ போட்டு அனுப்புவாங்க. ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும். ஒரு வட்டாரத்துக்கு மூணே மூணு பள்ளிக்கூடம். அதுவும் வசதியே இல்லாத பள்ளிக்கூடமாப் பாத்து எடுக்கணும். எங்க ஆபீசர் லெட்டரை என் டேபிள்ல வச்சுட்டு, "டீச்சர், நீங்கதான் ஊர் ஊராப் போறீங்க, எது ரொம்ப மோசம்னு உங்களுக்குத்தான் தெரியும். மூணு பேரு எழுதுங்க"ன்னாரு.

எனக்குத் தெரியாதா? அறுபத்திரண்டு பள்ளிக்கூடம். கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லுவேன், எந்தப் பள்ளிக்கூடத்துல எந்த ஓடு ஒழுகும்னு. லெட்டரைப் படிக்கும்போதே மனசுக்குள்ள கூத்தனேந்தல்னு விழுந்துருச்சு.

கூத்தனேந்தல் போயிருக்கீங்களா? யாரும் போயிருக்க மாட்டாங்க. மெயின் ரோட்டுல இறங்கி நாலு கிலோமீட்டர் உள்ள, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். முப்பத்தெட்டுப் பிள்ளைக, எட்டு வகுப்பு, ரெண்டு வாத்தியார். மூணாவது ஆளு டெபுடேஷன்னு டவுனுக்குப் போனவுக, போனவுகதான். ஊர்ல பாதிப்பேருக்குக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுறதுதான் பிழைப்பு. பிள்ளைக நோட்டுல விரலைப் பதிச்சாக் கறுப்பா ரேகை விழும்.

நான் பாக்கப் போன அன்னிக்குப் பிரேயர் நடந்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் காலையில ஒரு பிள்ளை செய்தி வாசிக்கும்ல? பேப்பரைப் பாத்து நாலு தலைப்பை எழுதிட்டு வந்து கடகடன்னு ஒப்பிக்கும், யாரும் கேக்க மாட்டாங்க. கூத்தனேந்தலுக்குப் பேப்பரே வராது. வந்தாலும் பால்காரர் சைக்கிள்ல மறுநாள் வரும். இன்னாசி சார் பாத்துருக்காரு, "பேப்பர் வராட்டி என்னத்தா, ஊரு இருக்குல்ல, ஊருச் செய்தியை வாசிங்க"ன்னுட்டாரு. மூணு வருஷமா அப்படித்தான் ஓடுதாம்.

ஒரு பிள்ளை வந்து நின்னுச்சு. ஒல்லியா, ரெட்டைச் சடை, ஒரு சடையில ரிப்பன், இன்னொரு சடையில கறுப்பு நூலு. "செய்திகள். வாசிப்பது எட்டாம் வகுப்பு பூமயில். வடக்குக் காட்டில் நேற்றுக் கரிமூட்டம் பிரிக்கப்பட்டது. தண்ணீர் டிராக்டர் நான்காவது நாளாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று டிரைவரிடம் கேட்டோம். கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு போனதாகச் சொன்னார். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டோம். டிரைவர் பீடி பற்ற வைத்தார். செய்திகள் முடிவடைந்தன."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் கூப்பிட்டுக் கேட்டேன், "ஏத்தா, பீடி பத்த வச்சதையெல்லாமா எழுதுவ?" "அவரு பதில் சொல்லல டீச்சர். அந்த நேரத்துல அதைத்தான் செஞ்சாரு. நடந்ததைத்தான் எழுதணும்னு எங்க சார் சொல்லிருக்காரு"ன்னு சொல்லுது. மூஞ்சியில சிரிப்பே கிடையாது.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கலையே. அங்கயே, அத்தனை பிள்ளைகளுக்கு முன்னாடி, "உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் முதல்ல. நீதான் நிருபர்"னு சொல்லிட்டேன். பிள்ளைக கை தட்டுச்சுக. இந்தப் பூமயில் கை தட்டல. "எந்தத் தேதியில இருந்து டீச்சர்?"னு கேட்டுச்சு.

நான் திரும்பும்போது வாசல்ல அவ அம்மா நின்னுச்சு, கரிச்சாக்கை இறக்கி வச்சுட்டு. வேலம்மாள்னு பேரு. "டீச்சர், மெய்யாவே இவ பேரு அச்சுல வருமா?"ன்னு கேட்டுச்சு. வரும்னேன். "வந்துச்சுன்னா இவ அப்பனுக்குக் காட்டி ஒன்பதாவதுக்கு அனுப்பிருவேன். எட்டோட நிறுத்தணும்னு நிக்கிறாரு. பேப்பர்ல பேரு வந்த பிள்ளையை நிறுத்துனா ஊரு காறித் துப்பும்ல"ன்னு சொல்லுச்சு. அங்கிட்டு ஒன்பதாம் வகுப்புன்னா ஒன்பது கிலோமீட்டர்மா. போற பொம்பளைப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிரலாம். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, ரொம்ப நாளைக்கு அப்புறம் வேலை பாத்த மாதிரி இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேசரி கிண்டுனேன்னா பாத்துக்கோங்க.

ஆகஸ்ட்டுல டிரஸ்டுல இருந்து லிஸ்ட் வந்துச்சு. நாங்க எழுதிக் கொடுத்ததை அவங்க எடுத்துக்கலையாம். ஆள் பாத்துக் கொடுத்துட்டாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரும்ல, அதனால கம்ப்யூட்டர்ல இருக்கற பள்ளி விவரத்தை எடுத்து மார்க் போட்டிருக்காங்க. எது எது இல்லையோ அதுக்கு ஒரு மார்க். நூலகம் இல்லையா, ஒரு மார்க். தண்ணி இல்லையா, ஒரு மார்க். இல்லாத பள்ளிக்கூடம் மேல வரும், இருக்கற பள்ளிக்கூடம் கீழ போகும். நல்ல யோசனைதான், குத்தம் சொல்ல முடியாது.

கூத்தனேந்தல் அறுபத்திரண்டாவது இடம்.

ஆமாம்மா, கடைசி. சைபர் மார்க். வட்டாரத்துலயே எல்லா வசதியும் இருக்கற ஒரே பள்ளிக்கூடம் கூத்தனேந்தல்தானாம். நூலகம் இருக்கு, ஆய்வகம் இருக்கு, இன்டர்நெட் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, பொம்பளைப் பிள்ளைக கழிப்பறையில தண்ணி இருக்கு, சுத்துச்சுவர் இருக்கு, விளையாட்டு மைதானம் இருக்கு. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சும்பாங்க. கேட்டது மனுஷன் இல்லையே, மெஷினு.

முதல் இடம் யாருக்குங்கறீங்க? டவுன்ல தேரடிப் பள்ளிக்கூடம்! பழைய மாணவர்கள் ஏ.சி. ரூமே கட்டிக் கொடுத்திருக்காங்க. வகுப்புக்கு நாலு ஃபேன். அங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சண்முகத்தாய் மேடத்துக்கு ஃபாரம் நிரப்பறதுன்னாலே வேப்பங்காய். பேரை மட்டும் போட்டு, மிச்சத்தை அப்படியே வெறுமையா அனுப்பிருவாங்க. வெறுமையா விட்டதையெல்லாம் மெஷினு 'இல்லை'ன்னு எடுத்துக்கிருச்சு. சோம்பேறித்தனத்துக்குக் கேமராவும் டேப்லெட்டும்! எங்க போய் முட்டிக்கிறது?

இன்னாசி சார் ஏன் அப்படிப் போட்டாருன்னா... அது ஒரு கதை. வருஷா வருஷம் செப்டம்பர்ல இந்த விவரத்தை நிரப்பணும். இது இருக்கா, அது இருக்கா, ஆம், இல்லை, ஆம், இல்லைன்னு நூத்துச் சொச்சம் கேள்வி. 'இல்லை'ன்னு போட்டா முடிஞ்சுச்சு. ஏன் இல்லை, எப்பத்துல இருந்து இல்லை, இருக்க வைக்க நீங்க எடுத்த நடவடிக்கை என்னன்னு வருஷம் முழுக்கப் பதில் எழுதணும். மாசக் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி எழுப்பி விட்டுக் கேப்பாங்க. ஹெட்மாஸ்டரை மட்டுமா? அந்த வட்டாரத்துப் பயிற்றுநரையும்தான். என்னை நாலு தடவை எழுப்பி விட்டுருக்காங்கம்மா. ஐம்பத்திநாலு வயசுல நின்னுக்கிட்டு, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துலயோ மணி இல்லாததுக்கு நான் தலையைக் குனிஞ்சேன்.

அதனால போன வருஷக் கூட்டத்துல சொன்னேன். ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு, சொன்னேன். "சார் மேடம் எல்லாரும் கேட்டுக்கோங்க, எதுக்கு வம்பு, எல்லாத்துக்கும் 'ஆம்' போட்டுட்டுப் போங்க. நிம்மதியா இருக்கலாம்." பொதுவாச் சொன்னதும்மா அது. அறுபத்திரண்டு பேருக்கும் சொன்னது. மத்தவங்கள்லாம் பாதி கேட்டாங்க, பாதி கேக்கல. கொஞ்சம் அப்படி, கொஞ்சம் இப்படிப் போட்டு அனுப்புனாங்க. இந்த மனுஷன் ஒரு வரி விடாம அப்படியே கேட்டுருக்காரு. ஒருத்தர் சொன்னா அதை அப்படியே செய்வாரா ஒரு ஹெட்மாஸ்டரு? சொந்தமா யோசிக்க வேண்டாமா?

நான் நேராக் கேட்டேன், "ஏன் சார் எல்லாத்துக்கும் ஆம் போட்டீங்க?" "நீங்கதான டீச்சர் சொன்னீங்க"ன்னாரு. கோவமாக்கூடச் சொல்லல. சும்மா, மழை வந்துச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. எனக்குத்தான் கோவம் வந்துருச்சு.

சும்மா இருக்கலம்மா நான். ஆபீசர்கிட்டப் போனேன். "சார், தப்பாப் பதிவாயிருச்சு, மாத்திரலாமா?"ன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "மாத்தலாம் டீச்சர். போன வருஷம் நூலகம் இருந்துச்சு, இந்த வருஷம் இல்லை. எங்க போச்சு? கம்ப்யூட்டர் எங்க போச்சு? திருடு போச்சுன்னா போலீஸ்ல எழுதிக் கொடுத்த ரசீது எங்க? இல்ல, போன வருஷம் போட்டதே பொய்யின்னா, பொய் சொன்னதா ஹெட்மாஸ்டர் கைப்பட எழுதிக் கொடுக்கட்டும். கொடுத்தா அவருக்கு மெமோ. அவரு மே மாசம் ரிட்டயர்டு, தெரியும்ல?"ன்னாரு. மெமோ நிலுவையில இருந்தா ரிட்டயர்டு ஆகவே விடமாட்டாங்கம்மா. பென்ஷன் நின்னுரும். ஆபீசர் கெட்டவரில்ல. "நான் என்ன டீச்சர் பண்ணட்டும்?"னு அவரே என்னைக் கேட்டாரு. நான் யாரைக் கேக்கறது?

டிரஸ்டுல இந்தத் திட்டத்தைப் பாக்கற பொண்ணுக்கும் போன் போட்டேன். நல்ல பொண்ணு, மேடம் மேடம்னு மரியாதையாப் பேசுச்சு. "ஒரே ஒரு தடவை நேர்ல வந்து பாரும்மா, கூத்தனேந்தலை"ன்னேன். "நேர்ல பாத்தா மனசு இளகிரும் மேடம், அதனாலதான் பாக்கறதில்லன்னு வச்சிருக்கோம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல்"னு சொல்லிருச்சு. அதுவும் நியாயந்தான். எல்லாரு பேச்சும் நியாயமாத்தான் இருக்கு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இங்க அழுகாதேன்னு பிள்ளை வாயைப் பொத்துனது யாருன்னு... சரி விடுங்க. டிரைவர் பிரேக்கை எப்படிப் போடுறான் பாருங்க, பிடிச்சுக்கோங்க.

பிள்ளைகளுக்குச் சொல்லணும்ல? யாராவது போய்ச் சொல்லணும்ல? நான்தான் போனேன். செப்டம்பர் முதல் வாரம், வெயில் மண்டையைப் பிளக்குது. மெயின் ரோட்டுல இறங்கி நடந்து போறேன், ஊருக்கு முன்னாடியே மூணு பிள்ளைக ரோட்டுல நிக்குதுக, பூமயிலும் இன்னும் ரெண்டு பேரும். கையில நோட்டு, பேனா. என்னைப் பேட்டி எடுக்கறதுக்கு! நிருபர் ஆயாச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்குதுக.

வேப்பமரத்தடியில உக்காந்து சொன்னேன். இந்த வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துக்கு இல்லத்தா, தேரடிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சுன்னு. அழும்னு நினைச்சேன். அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் சேர்ந்து அழுதுட்டு வந்திருப்பேன். அது நோட்டைத் திறந்துருச்சு. "ஏன் டீச்சர் இல்ல?" "நம்ம பள்ளிக்கூடத்துல எல்லா வசதியும் இருக்காம்." "யார் சொன்னது?" "கம்ப்யூட்டர்ல இருக்கு." "கம்ப்யூட்டர்ல என்னென்ன இருக்கு? சொல்லுங்க, எழுதிக்கறேன்." சின்னப்பிள்ளைதானேன்னு நானும் ஒண்ணொண்ணாச் சொன்னேன். எழுதிக்கிருச்சு. அப்புறம் நிமிந்து பாத்து, "எல்லாத்துக்கும் ஆம்னு போடச் சொன்னது யாரு டீச்சர்?"னுச்சு.

தொண்டை வறண்டு போச்சும்மா. வெயில்ல நடந்து வந்தது. "கொஞ்சம் தண்ணி கொடுங்கத்தா"ன்னேன். கொண்டுவந்து கொடுத்துச்சுக. குடிச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பி வந்துட்டேன். வேற என்னம்மா நான் செய்யறது?

நாலு நாள் கழிச்சு இந்தச் சார்ட்டைப் பள்ளிக்கூட வாசல் சுவர்ல ஒட்டிருச்சுக. அந்த ரெண்டாவது வாத்தியார் இருக்காரே, புதுசா வந்தவரு, விவரம் பத்தாது. 'எங்கள் பிள்ளைகளின் கைவண்ணம்'னு போட்டோ எடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குரூப்புல பெருமையாப் போட்டுட்டாரு. போட்ட பத்தாவது நிமிஷம் எங்க ஆபீசருக்குப் போச்சு, அரைமணி நேரத்துல பெரிய ஆபீசுக்கும் போயிருச்சு.

பாக்கறீங்களா? நூலை மெதுவா அவுங்க. ஓரத்தை நான் பிடிச்சுக்கறேன். படிங்க, சத்தமா வேண்டாம், முன்னாடி சீட்டுல யாராவது நம்ம டிபார்ட்மென்ட் ஆளு இருப்பாங்க.

'கூத்தனேந்தல் செய்தி. முதல் இதழ்.
நம் பள்ளியில் இருப்பவை. கணினியில் உள்ளபடி.
நூலகம் – ஆம். இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை.
இணைய வசதி – ஆம். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் போனில் ஒரு கோடு வரும். ஏறக்கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார்.
ஆய்வகம் – ஆம். ஒரு லென்ஸ் இருந்தது. இப்போதும் இருக்கிறது.
மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் – ஆம். கழிப்பறை இருக்கிறது. குழாய் இருக்கிறது. தண்ணீர் இல்லை. அதனால் நாங்கள் பதினைந்து பேர் காலையில் இருந்து வீட்டுக்குப் போகும் வரை தண்ணீர் குடிப்பதில்லை.
எல்லாவற்றுக்கும் ஆம் என்று போடச் சொன்னது யார் என்று எங்கள் நிருபர் தனபாக்கியம் டீச்சரிடம் கேட்டார். டீச்சர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தோம்.
எழுதியவர்கள்: பூமயில், அன்னக்கிளி, ரோசாரி.'

பாத்தீங்களா? தண்ணி குடிச்சதைக்கூடவாம்மா எழுதுவாங்க? தாகத்துக்குத் தண்ணி கேக்கறது ஒரு குத்தமா? எனக்கு மனசு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா, வீட்டுல ரெண்டு நாள் சோறு இறங்கல. அந்தப் பிள்ளைகளுக்காக எத்தனை படி ஏறி இறங்கினேன், அதைப் பத்தி ஒரு வரி இருக்கா பாருங்க. இல்ல. சரி, சுருட்டிருங்க. எழுத்து உள்பக்கமா இருக்கட்டும்.

இதுல வேடிக்கை என்னன்னா, பெரிய ஆபீஸுல இதைப் படிச்சுட்டுத் தண்ணிக் குழாயைப் பத்தி யாரும் கேக்கல. பொய்த் தகவல் பதிஞ்சது யாருன்னுதான் கேட்டாங்க. இன்னாசி சாருக்கு நோட்டீஸ் வந்துருச்சு. அவருக்கு ஆபீசுக்கு எழுதற நடை வராதும்மா, பாவம், நோட்டீசைக் கையில வச்சுக்கிட்டு எங்கிட்டத்தான் வந்தாரு. விளக்கக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி தவறு எனது கவனக்குறைவால் மட்டுமே நேர்ந்தது'ன்னு நல்லா, பணிவா, கச்சிதமா எழுதிக் கொடுத்தேன். மனுஷன் ஒரு தடவை படிச்சாரு. அந்த 'மட்டுமே'ங்கற இடத்துல விரலை வச்சு என்னைப் பாத்தாரு. அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டாரு. ரொம்ப நல்ல மனுஷன். அந்த மாதிரி ஆளுகளுக்கு இந்தக் காலம் இல்லம்மா.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. போய்ச் சொல்லிர வேண்டியதுதானேன்னு முகத்துல எழுதி வச்சிருக்கீங்க. எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா. நான் சொன்னா மட்டும் அவரை விட்டுருவாங்களா? அவரோட சேத்து எனக்கும் ஒண்ணு கொடுப்பாங்க, அவ்வளவுதான். ஒருத்தர் நனையற இடத்துல ரெண்டு பேரு நனைஞ்சா மழை நின்னுருமா?

நேத்துச் சாயங்காலம் போய்த்தான் இதை வாங்கிட்டு வந்தேன். சுவர்ல இருந்து கிழிக்கணுமேன்னு பயந்துக்கிட்டே போனேன். கிழிக்க வேண்டிய வேலையே வரல. பூமயில் ஒரு ஓரம் பிரியாம ஈரத்துணி வச்சு ஒத்தி ஒத்தி எடுத்து, சுருட்டி, சடையில கட்டியிருந்த கறுப்பு நூலை அவுத்துக் கட்டிக் கொடுத்துச்சு. இந்த நூலு அதுதான். கொடுக்கும்போது கேட்டுச்சு, "அச்சுக்குப் போகுதா டீச்சர்?"

அது எப்படி அப்படி நினைச்சுச்சுன்னு தெரியல. பெரிய ஆபீசுல கேக்கறாங்கன்னு இன்னாசி சார் சொல்லிருப்பாரு, இதுக பேப்பர் ஆபீசுன்னு நினைச்சிருக்கும். வாசல்ல வேலம்மாள் வேற, கையைத் துடைச்சுக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியா நிக்குது. நான் "ம்"முன்னேன். ம்முன்னு மட்டும்தான் சொன்னேன், வேற ஒரு வார்த்தை சொல்லல. "மூணு பேரு பேரும் போடச் சொல்லுங்க டீச்சர். இடம் பத்தலைன்னா என் போட்டோ வேண்டாம், பேரு போதும்"னுச்சு. பஸ் ஏறி உக்காந்து இதை மடியில வச்சுக்கிட்டேன். ஊரு வந்ததும் இறங்கிப் போயிட்டேன்.

அய்யோ, பாலம் வந்துருச்சு. பேசிக்கிட்டே வந்ததுல மறந்தே போயிட்டேன், ஒரு ஃபாரம் நிரப்பணும்மா. சாட்சிக்கு முன்கூட்டியே கொடுத்துருக்காங்க, போனதும் வாங்கிக்குவாங்க. நீலப் பேனா இருக்கா உங்ககிட்ட? எங்கிட்டச் சிவப்புத்தான் இருக்கு, அது செல்லாது. நல்லது.

பள்ளியை நேரில் பார்வையிட்டீர்களா, ஆம். சுவர் இதழைப் பறிமுதல் செய்தீர்களா, ஆம். தலைமை ஆசிரியரின் விளக்கத்தைப் படித்தீர்களா, ஆம். ஆம். ஆம். இதையெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்ல, கை தானாப் போயிரும். ஏழாவதுதான்... 'பொய்யான விவரங்களைப் பதியுமாறு தலைமை ஆசிரியருக்கு எவரேனும் அறிவுறுத்தினார்களா?'

பஸ்ஸு குலுக்குதும்மா. எழுத வரல.

இருங்க. போட்டுட்டேன். பாக்காதீங்க, பரவாயில்ல, பாத்தாலும் பரவாயில்ல. பதினோரு வருஷத்துல நான் போடுற முதல் 'இல்லை'ம்மா இது.

இறங்கணும். பையை எடுத்துக்கறேன், அந்தச் சார்ட்டை ஒரு நிமிஷம் பிடிங்க. கசங்காமப் பிடிங்கம்மா. அச்சுக்குப் போகுதுன்னு அங்க ஒரு பிள்ளை நினைச்சுக்கிட்டு இருக்கு.